கோட்டுப் போட்டால்தான் பாதுகாப்பு

கேள்வி: பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியின் தாத்தா பினாங்கில் பிறந்தவர். வியாபாரத்துக்காக அமோய் போகும்போது ‘வெள்ளைக்காரன் கடுதாசி’யை மடியிலேயே வைத்திருப்பாராம். அது என்ன கடுதாசி? உண்மையிலேயே ஆளைக் காப்பாற்றுமா?
- ஒரு வாசகி, ஈப்போ

பதில்: அது கான்சல், அதாவது அங்கிருந்த பிரிட்டிஷ் அரசுப் பிரதிநிதியின் அலுவலகத்தில் பெயர் பதிந்ததற்கான சான்றாக இருக்கும், அம்மா. அந்தக் காலத்தில் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூரில் பிறந்த சீனர்கள் பிரிட்டிஷ் பிரஜைகள். பிரிட்டனும் சீனாவும் செய்த 1842 நான்கிங் ஒப்பந்தத்தால் திறந்துவிடப்பட்ட ஐந்து சீனத் துறைமுகங்களில் அமோயும் ஒன்று; இன்றைக்கு அதன் பெயர் சியாமென். அப்போது அங்கே பிரிட்டிஷ் பிரஜை மேல் வழக்கு என்றால் சீன அதிகாரி விசாரிக்க முடியாது, கான்சல்தான் விசாரிப்பார்.

காப்பாற்றுமா என்றால், எப்போதும் இல்லை. சிங்கப்பூரில் பிறந்த டான் கெங் சின் அமோயில் ஜார்டின் என்ற பிரிட்டிஷ் வியாபாரக் கம்பெனியில் வேலை பார்த்தவர். ரகசியச் சங்கம் நடத்தினார் என்று 1851-இல் சீன அதிகாரிகள் பிடித்துப் போனார்கள். அவர் எங்கள் பிரஜை என்று கான்சல் வாதாடினார். சித்திரவதையில் செத்த உடம்புதான் திரும்பி வந்தது.

பார்வைக்கு உள்ளூர்க்காரர், சட்டத்துக்கு வெளிநாட்டவர். இந்தச் சிக்கலுக்கு பிரிட்டிஷ் தூதர் ஆல்காக் 1868-இல் ஒரு வழி கண்டுபிடித்தார்: பாதுகாப்பு வேண்டும் என்றால் சீன உடையைக் கழற்ற வேண்டும், உள்ளூர் மக்களிடமிருந்து பிரித்துக் காட்டும் வேறு உடை போட வேண்டும்.

பினாங்கில் என் நண்பர் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய போட்டோ மாட்டியிருக்கிறது. அவருடைய கொள்ளுத்தாத்தா. மழித்த முன்நெற்றி, விறைப்பான வெள்ளைக் காலர், தோளில் நிற்காமல் சரியும் கோட்டு. விரல் நுனி மட்டும்தான் கோட்டுக் கைக்கு வெளியே தெரிகிறது. இரவல் கோட்டு என்று பார்த்ததுமே சொல்லிவிடலாம். அப்பன் பாட்டன் கல்லறையைக் கும்பிடப் போகிறவனிடம், அவர்கள் உடுத்திய உடையைக் கழற்றிவிட்டுப் போ என்று சொன்ன விதி அது. எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

பிறகு 1909-இல் சீனா சட்டம் போட்டது: தகப்பன் சீனர் என்றால், எங்கே பிறந்தாலும் பிள்ளையும் சீனப் பிரஜை. ஒரே ஆளுக்கு இரண்டு நாடு சொந்தம் கொண்டாடின. அப்படிப்பட்டவரை, அவர் பிரஜையாக உள்ள இன்னொரு நாட்டுக்கு எதிராகக் காப்பாற்ற ஒரு நாடு வரக்கூடாது என்று குடியுரிமை பற்றிய 1930 ஹேக் சர்வதேச உடன்படிக்கையும் சொல்லிவிட்டது.

பாட்டி வீட்டில் அந்தக் கடுதாசி இன்னும் இருந்தால் எந்த வருஷத்தது என்று பாருங்கள். 1868-க்கு முந்தியதா, பிந்தியதா என்பதிலேயே தாத்தா எந்த உடையில் கப்பல் ஏறினார் என்பது ஓரளவு தெரிந்துவிடும். லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள், பழைய தாள் வீணாகிவிடும்.