வெங்காயத்தோல் கறுப்பும் உங்கள் மகனின் படிப்பும்

அன்புள்ள அக்கா,

எஸ்டிபிஎம் (ஆறாம் படிவத் தேர்வு) முடித்த மகன், பினாங்கின் யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் பயோபுரோசஸ் (நுண்ணுயிர்களைக் கொண்டு பொருள் தயாரிக்கும் தொழில்நுட்பம்) படிக்க ஆசைப்படுகிறான், "பூசணத்தைப் படித்து என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கவலை நியாயமானது.

பெரிய வெங்காயம் உரிக்கும்போது தோலில் கரித்தூள் மாதிரி ஒட்டியிருக்குமே, அது அஸ்பெர்ஜில்லஸ் நைஜர் வகைக் கரும்பூஞ்சை. குளிர்பான டின்னில் 'ஆசிட் சிட்ரிக்' என்று போட்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். அதை இன்று எலுமிச்சையைப் பிழிந்து எடுப்பதில்லை. இந்தப் பூஞ்சைக்குச் சர்க்கரை கொடுத்து, பெரிய தொட்டிகளில் நொதிக்கவிட்டு எடுக்கிறார்கள். ஜேம்ஸ் கரி என்பவர் 1917இல் இந்த முறையை வெளியிட்டார். 1919இல் ஃபைசர் நிறுவனம் உற்பத்தியைத் தொடங்கியது.

சொல்லும்போது எளிதாகத் தெரிகிறது. உண்மையில் அந்தப் பூஞ்சையை வழிக்குக் கொண்டுவருவதுதான் படிப்பே. சர்க்கரை மிக அதிகமாக இருக்க வேண்டும், தொட்டி நல்ல புளிப்பில் இருக்க வேண்டும், மாங்கனீசு ஏறக்குறைய இருக்கவே கூடாது. அது துளி கூடினாலும் பூஞ்சை தன் உடம்பைத்தான் வளர்த்துக்கொள்ளும், அமிலம் குறைந்துபோகும். காற்று கொஞ்ச நேரம் தடைபட்டால் பூஞ்சை சாகாது. ஆனால் அமிலம் சுரப்பது படுத்துவிடும், காற்றைத் திரும்பக் கொடுத்தாலும் பழைய நிலைக்கு வராது. அதனால் இரவு ஷிப்டிலும் தொட்டியைக் கவனிக்க ஆள் வேண்டும். அந்தப் பொறுமை அவனுக்கு உண்டா என்று கேளுங்கள். உயிரியலில் நல்ல மதிப்பெண் வாங்கி வேதியியலில் தடுமாறுகிறவர்கள் இந்தப் படிப்பில் சிரமப்படுவார்கள்.

வேலை விஷயத்தை மறைக்காமல் சொல்கிறேன். பினாங்கில் பாயான் லெப்பாஸ் மின்னணு ஆலைகளில் இருக்கும் அளவுக்கு இதில் இடங்கள் இல்லை. சிட்ரிக் அமிலமும் பெரும்பகுதி சீனாவில்தான் தயாராகிறது. ஆகவே ஒரே ஒரு பொருளை நம்பி அவன் போகக் கூடாது. ஆனால் தொட்டியை ஆளத் தெரிந்தவனுக்கு என்சைம், நுண்ணுயிர்க்கொல்லி மருந்து, சோயா சாஸ், செம்பனை ஆலைக் கழிவுநீர் என்று பல கதவுகள் உண்டு. சந்தையில் வாங்குகிறோமே தெம்பே என்ற சோயா உணவு, அதுவும் ரைசோபஸ் என்ற பூஞ்சையின் வேலைதான். அதன் உறவுப் பூஞ்சைகள் சில லாக்டிக் அமிலம் தருகின்றன. தொழிற்பயிற்சிக் காலத்தை மட்டும் அவன் அலுவலக மேசையில் கழித்துவிடக் கூடாது. நொதிப்புத் தொட்டி உள்ள ஆலையாகத் தேடச் சொல்லுங்கள்.

யுபியு விண்ணப்பத்தை (அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான பொது விண்ணப்பம்) அனுப்புவதற்கு முன் அவனையும் கூட்டிக்கொண்டு ஒருநாள் வாருங்கள். வேதியியல் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, எதை முதல் தேர்வாகப் போடலாம் என்று மூவரும் உட்கார்ந்து பேசுவோம்.