ரோத்தன்பர்க்கைப் பாருங்கள், நியூரம்பெர்க்கில் தங்குங்கள்

கேள்வி: டிசம்பர் 2 முதல் 9 வரை ஜெர்மனியின் கிறிஸ்துமஸ் சந்தைகளைப் பார்க்க நான், மனைவி, எழுபது வயது அம்மா மூவரும் போகிறோம். எல்லாப் பயணமும் ரயிலில்தான். ரோத்தன்பர்க் என்ற பழைய சிற்றூரின் படங்களைப் பார்த்து மயங்கிப்போய், ஏழு இரவும் அங்கேயே தங்கி மற்ற ஊர்களுக்குப் போய்வரலாம் என்று நினைக்கிறேன். தினம் ஓர் ஊர், தினம் ஒரு விடுதி என்பது மனைவியின் யோசனை. எது சரி?

பதில்: இரண்டுமே சரியில்லை. நீங்கள் அழகான ஊரைத் தேடுகிறீர்கள், உங்கள் மனைவி நிறைய ஊர்களைத் தேடுகிறார். இரவு எட்டு மணிக்குக் குளிரில் விறைத்த காலோடு அம்மா எப்படி அறைக்குத் திரும்புவார் என்பதை இருவருமே யோசிக்கவில்லை. தங்கும் ஊரை அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கிறிஸ்துமஸ் சந்தை என்பது இருட்டின் விழா. டிசம்பரில் அந்தப் பகுதியில் மாலை நாலேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். விளக்குகள் எரிந்து, வறுத்த கஷ்கொட்டையின் வாசனை தெருவெல்லாம் பரவுவது அதற்குப் பிறகுதான். பகல் ஒரு மணிக்குப் போய் மூன்று மணிக்குத் திரும்பினால் பலகைக் கடைகளைப் பார்த்திருப்பீர்கள், சந்தையைப் பார்த்திருக்க மாட்டீர்கள். காலையில் புறப்படும் ரயில் எதுவாகவும் இருக்கட்டும். இரவு திரும்பும் ரயில் நேரானதாக, அடிக்கடி வருவதாக இருக்க வேண்டும்.

ரோத்தன்பர்க் இதில்தான் தவறுகிறது. அது ஒரு கிளைப் பாதையின் கடைசி நிலையம். எங்கே போவதானாலும் முதலில் சிறு ரயிலில் ஷ்டைனாக் வந்து மாற வேண்டும். நியூரம்பெர்க் போக, பெரும்பாலும் அன்ஸ்பாக்கில் இன்னொரு முறை. திரும்பும்போது இதே மாற்றங்கள், இருட்டில். ஜெர்மன் ரயில்கள் நேரம் தவறாதவை என்ற பழைய பெருமையை நம்பிவிடாதீர்கள். 2024-இல் தொலைதூர ரயில்களில் சரியான நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம்தான். பல ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு சிறிய சந்திப்பில் என் கண்ணெதிரே இணைப்பு ரயில் போய்விட்டது. அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து. கடையோ காத்திருப்பு அறையோ கிடையாது. மூன்று பக்கம் கண்ணாடி வைத்த ஒரு கூண்டு மட்டும். அதன் இரும்பு இருக்கையின் குளிர் இரண்டு கால்சட்டைகளைத் தாண்டி ஏறியது இன்றும் நினைவிருக்கிறது. உங்கள் அம்மாவை அந்த இருக்கையில் உட்கார வைக்காதீர்கள்.

உங்கள் மனைவியின் யோசனைக்கு வருகிறேன். தினம் ஒரு விடுதி என்றால், பதினோரு மணிக்கு ஓர் அறையைக் காலி செய்து, மூன்று மணிக்கு அடுத்ததில் நுழைய வேண்டும். நடுவில் பெட்டிகளுக்கு லாக்கர் தேட வேண்டும். கருங்கல் பாவிய தெருக்களில் சக்கரப் பெட்டி இழுப்பது தனி வேதனை. ஏழு நாளில் ஆறு அரைநாள் பெட்டிக்கே போய்விடும்.

நியூரம்பெர்க்கில் தங்குங்கள். பாம்பெர்க்குக்கு முக்கால் மணி நேரம். வூர்ட்ஸ்பர்க், ரேகன்ஸ்பர்க் இரண்டுக்கும் சாதாரண ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். எல்லாம் நேர் ரயில்கள். மியூனிக் கூட விரைவு ரயிலில் ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான். நிலையத்திலிருந்து கோனிக் தெரு வழியாக நடந்தால் கால் மணி நேரத்தில் சந்தை கூடும் சதுக்கம் வந்துவிடும். சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட துணிக் கூரைகள், விரல் நீளச் சாசேஜ் மூன்றை வைத்த ரொட்டி, உலர்ந்த பிளம் பழத்தில் செய்த பொம்மைகள் என அந்த ஊருக்கே உரிய சந்தை அது. சைவமானால் ஆப்பிள் மசியலோடு தரும் உருளைக்கிழங்கு அடையைத் தேடுங்கள். சூடான மசாலாத் திராட்சை மதுவுக்குக் குவளையின் முன்பணத்தையும் சேர்த்து வாங்குவார்கள். குவளையைத் திருப்பிக் கொடுத்தால் பணம் வந்துவிடும், அம்மா ஆசைப்பட்டால் குவளையையே வைத்துக்கொள்ளலாம்.

விடுதி நிலையத்துக்கும் லோரன்ஸ் தேவாலயத்துக்கும் நடுவில் அமைந்தால் நல்லது. வாடகை மிரட்டினால் பக்கத்து ஊரான ஃபூர்த்தில் பாருங்கள், மெட்ரோவில் கால் மணி நேரம்தான். ஜெர்மனியின் முதல் நீராவி ரயில் 1835 டிசம்பர் 7 அன்று ஓடியது இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில்தான். அந்தத் தேதியில் நீங்கள் அங்கே இருப்பீர்கள். ரயிலை விரும்புகிறவர் என்பதால் சொல்கிறேன், நிலையத்துக்குப் பக்கத்திலேயே ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது.

டிக்கெட்டுக்கு அலைய வேண்டாம். இந்த ஊர்களெல்லாம் இருக்கும் பவேரியா மாநிலத்துக்குப் பவேரியா டிக்கெட் என்று ஒரு நாள் சீட்டு உண்டு. ஒரே சீட்டில் ஐந்து பேர் வரை, மாநிலம் முழுவதும் சாதாரண ரயில்களில் போய்வரலாம். பயணிகளின் பெயர்களை அதில் எழுதியிருக்க வேண்டும். வார நாட்களில் காலை ஒன்பது மணிக்கு மேல்தான் செல்லும், ஆனால் மறுநாள் அதிகாலை மூன்று மணி வரை செல்லும். மாலைச் சந்தைக்குப் போகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? விரைவு ரயிலில் மட்டும் இதை வைத்துக்கொண்டு ஏறிவிடாதீர்கள்.

சனிக்கிழமை மாலை நியூரம்பெர்க் சந்தைக்குள் அம்மாவை அழைத்துச் செல்லாதீர்கள், தோளோடு தோள் உரசும் கூட்டம். அதைத் திங்கள், செவ்வாய்க்கு வைத்துக்கொண்டு, சனியன்று பாம்பெர்க் போங்கள். அங்கே தேவாலயம் தேவாலயமாகக் கிறிஸ்து பிறப்புக் குடில்கள் வைத்திருப்பார்கள். பகலில் அவற்றைப் பார்த்துவிட்டு, இருட்டியதும் சந்தைக்கு வரலாம். தேவாலயங்களுக்குள் உட்காரவும் இடம் கிடைக்கும்.

ரோத்தன்பர்க்கை விட்டுவிடச் சொல்லவில்லை. ஒரு வார நாளில், கைப்பையோடு மட்டும் போய்வாருங்கள். விளக்கேற்றியதும் சதுக்கத்தில் ஒரு மணி நேரம் நில்லுங்கள், பிறகு புறப்படுங்கள். கடைசி ரயிலுக்கு முந்தைய ரயிலை உங்கள் ரயிலாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஷ்டைனாக்கில் இணைப்பு தவறினாலும் அம்மாவுக்கு இன்னொன்று மிச்சமிருக்கும்.