கண்ணைத் திறந்து உட்கார்ந்த பிள்ளை

அன்புள்ள அக்கா,

நாங்கள் கிழக்கு லண்டனில் இருக்கிறோம். மகளுக்கு ஆறு வயது. வீட்டுக்குப் பக்கம், நல்ல பெயரும் இருக்கிறது என்று சர்ச் ஆஃப் இங்கிலாந்து தொடக்கப் பள்ளியில் சேர்த்தோம். தினமும் மதியச் சாப்பாட்டுக்கு முன் கூட்டு வழிபாடு நடக்கிறது. மெழுகுவர்த்தி ஏற்றி, பைபிள் கதை சொல்லி, பாடி, ஜெபம் செய்கிறார்கள். சுவரெல்லாம் அன்பு, மரியாதை, மன்னிப்பு என்று எழுதி, ‘எல்லோரையும் அரவணைக்கும் பள்ளி’ என்கிறார்கள். போன வாரம் எங்கள் பூஜை அறையில் நின்று மகள் கண்ணை மூடி ‘ஆமென்’ என்றாள். அவளை வழிபாட்டிலிருந்து விலக்கக் கடிதம் கொடுத்துவிடலாம் என்கிறார் என் கணவர். மதிய உணவு, கிறிஸ்துமஸ் நாடகத்தில் அவளுக்கு ஆட்டுக்குட்டி வேஷம் கொடுத்தது என்று வேறு வருத்தங்களும் உண்டு. நான் படித்த திருச்சிப் பள்ளியில் எல்லோரும் ஒன்றாகத்தான் கும்பிட்டோம். யாருக்கும் எந்தப் பிரச்சினையும் இருந்ததில்லை. இங்கே மட்டும் ஏன் இப்படி? விலக்கிவிடலாமா?

(பெயர் வேண்டாம்), லண்டன்

அன்புள்ள தங்கைக்கு,

கடிதம் வந்து பத்து நாளாகிறது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். கோபமாக வந்தது, எடுத்து வைத்துவிட்டேன். உங்கள் கேள்வி மேல் கோபம் இல்லை. ‘யாருக்கும் எந்தப் பிரச்சினையும் இருந்ததில்லை’ என்ற அந்த ஒரு வரி மேல்தான்.

உங்களுக்கு எப்படித் தெரியும்? ஆயுத பூஜைக்குக் கரும்பலகையில் சந்தனம் குங்குமம் வைத்து, புத்தகங்களை அடுக்கி, பொரிகடலை கொடுத்திருப்பார்கள். பொரியை வாங்கி வாயில் போடாமல் உள்ளங்கையில் பொத்திக்கொண்டே நின்ற பிள்ளையைப் பார்த்தீர்களா? தீபாராதனைத் தட்டு முன்னால் வந்தபோது கையை நீட்டுவதா பின்னால் கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் பக்கத்துப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தவளை? பார்த்திருக்க மாட்டீர்கள். நீங்கள் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். எண்ணிக்கையில் அதிகமானவர்கள் நிற்கிற பக்கத்தில் நின்றால் இது தெரியாது. இன்று உங்கள் மகள் மறுபக்கத்தில் நிற்கிறாள், உங்களுக்குத் தெரிகிறது. அந்தத் திருச்சிப் பிள்ளையையும் இப்போதாவது ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

ஆட்டுக்குட்டி வேஷத்தை விடுங்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு வால் வைத்த உடுப்பு கிடைத்தால் சந்தோஷம்தான். சாப்பாட்டு விஷயம் பள்ளி அலுவலகத்தில் ஐந்து நிமிடப் பேச்சு.

சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். விலக்கிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. காரணம் சொல்ல வேண்டியதில்லை, தலைமையாசிரியர் மறுக்க முடியாது. முழுவதுமாகவோ ஒரு பகுதியிலிருந்து மட்டுமோ விலக்கலாம். ஆனால் அது பெற்றோரின் உரிமை. சிக்ஸ்த் ஃபார்ம், அதாவது பள்ளியின் கடைசி இரண்டு வருடம், வரும்வரை பிள்ளைக்குத் தானாக முடிவெடுக்கும் உரிமை இல்லை. உங்கள் கடிதத்தில் கணவர் என்ன சொல்கிறார் என்று இருக்கிறது, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்றும் இருக்கிறது. மகள் என்ன சொல்கிறாள் என்று ஒரு வரி இல்லை. அவளிடம் கேட்டீர்களா?

இந்த உரிமை வந்த கதையை நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சர்ச் ஆஃப் இங்கிலாந்து இன்று ஏறத்தாழ 4,600 பள்ளிகள் நடத்துகிறது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை தொடக்கப் பள்ளிகள். 1811-இல் அந்தத் திருச்சபையினர் தொடங்கிய நேஷனல் சொசைட்டி என்ற கல்விச் சங்கம்தான் அதற்கு வேர். அந்தச் சங்கம் எடுத்துக்கொண்ட கற்பிக்கும் முறைக்குப் பெயரே ‘மெட்ராஸ் முறை’. ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் எழும்பூரில் ராணுவ அனாதைச் சிறுவர் விடுதியை நடத்தியபோது, இங்கே திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் மணலைப் பரப்பினார், தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும்படி செய்தார். அதை 1797-இல் லண்டனில் புத்தகமாகவும் போட்டார். உங்கள் மகளின் பள்ளி நமக்கு அவ்வளவு ஒன்றும் அந்நியம் இல்லை.

ஆனால் அந்த நேஷனல் பள்ளிகளில் ஆங்கிலிக்கன் ஞானோபதேசம், அதாவது சர்ச் ஆஃப் இங்கிலாந்தின் மதப் பாடம், கட்டாயமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்தச் சபையின் தேவாலயத்துக்குப் போக வேண்டியிருந்தது. மெத்தடிஸ்டு, பாப்டிஸ்டு என்று வேறு கிறிஸ்தவ சபைகளைச் சேர்ந்த வீட்டுப் பிள்ளைகள் தவித்தார்கள். எத்தனையோ ஊர்களில் வேறு பள்ளி கிடையாது. இந்துப் பிள்ளையோ முஸ்லிம் பிள்ளையோ வருவதற்கு முன்பே, கிறிஸ்தவப் பள்ளியில் தனியாகிப் போனது கிறிஸ்தவப் பிள்ளைதான். அவர்களுக்காகத்தான் 1870 கல்விச் சட்டம் பெற்றோருக்கு விலக்கும் உரிமையைக் கொடுத்தது. கூடவே இன்னொன்றும் சொன்னது. மத போதனையும் வழிபாடும் பள்ளி நேரத்தின் தொடக்கத்தில் அல்லது முடிவில் மட்டும்தான் இருக்க வேண்டும், அந்த நேர அட்டவணையை எல்லோரும் பார்க்கிற மாதிரி வகுப்பறையில் ஒட்டியிருக்க வேண்டும் என்றது. யோசித்துப் பாருங்கள். விலக்கிய பிள்ளை கொஞ்சம் தாமதமாக வரலாம், இல்லை கொஞ்சம் முன்னால் வீட்டுக்குப் போகலாம். நடுவில் எழுந்து எல்லோர் பார்வையிலும் வெளியே போக வேண்டாம். பிள்ளையின் மனம் தெரிந்த யாரோ எழுதிய விதி அது.

1944 சட்டம் கூட்டு வழிபாட்டைக் கட்டாயமாக்கியது. அதுவும் பள்ளி நாள் வழிபாட்டோடு தொடங்க வேண்டும் என்றுதான் சொன்னது. 1988 சட்டம் எந்த நேரத்திலும் வைத்துக்கொள்ளலாம் என்றது. பள்ளிகளுக்கு அது வசதி. ஆனால் உங்கள் மகளுக்கு வழிபாடு மதியச் சாப்பாட்டுக்கு முன். நீங்கள் கடிதம் கொடுத்தால், முப்பது பிள்ளைகள் வரிசையாக ஹாலுக்குப் போகும்போது அவள் ஒருத்தி மட்டும் நூலகத்துக்குப் போவாள். தினமும் போவாள். இந்த இடத்தில்தான் எனக்குக் கை நடுங்குகிறது. நான் அப்படிப் போன பிள்ளை.

தாமிரபரணிக் கரையில் எங்கள் ஊர். மிஷன் பள்ளி ஒன்றுதான் இருந்தது. அப்பா தையல்காரர், பெரியார் கட்சிக்காரர், விடுதலை பத்திரிகையை மெஷின் மேல் விரித்து வைத்துப் படிப்பார். 1969-இல் என்னை மூன்றாம் வகுப்புக்கு அங்கே மாற்றியபோது ஒரு கடிதமும் கொடுத்தார். அரசியலமைப்புச் சட்டம் பிரிவு 28, உட்பிரிவு 3-இன்படி அரசு உதவி பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை வழிபாட்டில் சேர்க்கக் கூடாது என்று எழுதியிருந்தார். பெரிய சார் படித்துவிட்டு மறு பேச்சுப் பேசவில்லை. காலை ஜெபம் முடியும்வரை நான் வெளியே வராந்தாப் படியில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். சட்டம் சரியாக நிறைவேறியது.

முதல் நாள் தாமதமாக ஓடி வந்த ஒரு பையன் என்னைப் பார்த்து நின்று, “என்ன தப்பு செஞ்ச?” என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டில் சொல்லவும் இல்லை. அப்பா எனக்காகச் சண்டை போட்டு வாங்கியதை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

ஒரு மாதம் கழித்து வகுப்பு டீச்சர் என் கையில் ஒரு இரும்புக் கம்பியைக் கொடுத்தார். வராந்தாவில் தண்டவாளத் துண்டு தொங்கும், அதுதான் பள்ளிக்கூட மணி. “உள்ளே கடைசி ஆமென் கேட்டதும் ரெண்டு தட்டுத் தட்டணும், உன் பொறுப்பு” என்றார். அதன் பிறகு யாரும் என்ன தப்பு என்று கேட்கவில்லை. ஆனால் எது கடைசி ஆமென்? பாட்டு முடிந்ததும் ஒன்று வரும், வேதவாசிப்புக்குப் பிறகு ஒன்று, பரமண்டல ஜெபத்துக்குப் பிறகு ஒன்று. காது கொடுத்துக் கேட்டுக் கேட்டு எல்லாம் மனப்பாடமாகிவிட்டது. இருந்தும் ஒரு நாள் நடு ஆமெனுக்கே தட்டிவிட்டேன். ஜெபத்தின் பாதியில் பள்ளிக்கூடமே எழுந்துவிட்டது. பெரிய சார் வெளியே வந்தார். நான் கம்பியைக் கீழே போட்டுவிட்டு அழுதேன்.

டீச்சர் அவரிடம் என்ன பேசினாரோ. மறுநாள் என்னை உள்ளே கூப்பிட்டு வாசல் ஓரத்தில் உட்கார வைத்தார். “நீ கும்பிட வேண்டாம். கையைக் கட்ட வேண்டாம். கண்ணைத் திறந்து வச்சுக்கோ. நான் தலையாட்டினதும் போய் மணியடி” என்றார்.

அன்று நான் பார்த்ததை இன்றும் பார்க்க முடியும். நூறு பிள்ளைகள் கண்ணை மூடியிருந்தார்கள். ஒருத்தி விரலிடுக்கு வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஒரு பையன் ஜெபம் சொல்லிக்கொண்டே முழங்கால் புண்ணின் பொருக்கை உரித்துக்கொண்டிருந்தான். டீச்சர் கண்ணை மூடி நின்றார், இமையோரத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. என்ன துக்கமோ. அவர் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஜெபம் முடிந்ததும் முந்தானையால் துடைத்துவிட்டு, என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நான் ஓடிப்போய் மணியடித்தேன்.

அன்று ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்துக் கேட்டார். “கண்ணைத் திறந்துதானே இருந்தே?” ஆமாம் என்றேன். “சரி” என்றார்.

என் வாதம் இவ்வளவுதான், இதை நான் விடுவதாக இல்லை. கூப்பிட்டால் வரலாம், வராமலும் இருக்கலாம், வராததற்காக வெளியே போக வேண்டியதில்லை என்று இருந்தால்தான் அது அரவணைக்கிற பள்ளி. பெல்ஃபாஸ்ட் வழக்கில் கடைசியாக வந்து நின்றதும் இந்த இடம்தான். அங்கே ஒரு அரசுத் தொடக்கப் பள்ளியில் படித்த சின்னப் பெண், மத நம்பிக்கை இல்லாத வீட்டுப் பிள்ளை, சாப்பாட்டுக்கு முன் ஜெபம் சொல்லத் தொடங்கினாள். அவள் பெயரிலும் அவள் அப்பா பெயரிலும் வழக்குப் போட்டார்கள். 2022-இல் உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள், மேல்முறையீட்டில் தோற்றார்கள், 2025 நவம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ‘வேண்டாம் என்றால் விலக்கிக்கொள்’ என்பது போதாது, அது பிள்ளையைத் தனிமைப்படுத்திவிடும் என்பதை நீதிபதிகள் ஏற்றுக்கொண்டார்கள். வட அயர்லாந்தின் அரசுப் பள்ளிகளைப் பற்றிய தீர்ப்பு அது. உங்கள் பள்ளியை அது நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதைப் படித்ததிலிருந்து அந்த வராந்தாப் படிதான் என் நினைவில் இருந்தது. அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது.

அவர்கள் மதம் மாற்றுகிறார்கள் என்று உங்கள் கணவர் நினைத்தால், அப்பாவை நினைத்து அவர் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பெயரிலேயே சபை இருக்கிற பள்ளியில் சேர்த்துவிட்டு, ஜெபம் நடக்கிறது என்று அதிர்ச்சியடைவது நியாயம் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு. கூட்டு வழிபாடு எல்லோரையும் உள்ளடக்க வேண்டும், கட்டாயப்படுத்தாமல் அழைக்க வேண்டும் என்பது சர்ச் ஆஃப் இங்கிலாந்தே தன் பள்ளிகளுக்குச் சொல்லியிருக்கிற வழிமுறை. ‘இது உன் ஜெபமாகவும் இருக்க விரும்பினால் ஆமென் சொல்’ என்று சொல்லித் தொடங்குகிற ஆசிரியர்கள் அங்கே இருக்கிறார்கள். உங்கள் பள்ளியில் அப்படிச் சொல்கிறார்களா? ஆமென் சொல்லாத பிள்ளையை ஆசிரியர் எப்படிப் பார்க்கிறார்? பெற்றோரை வழிபாட்டுக்கு அழைக்கிற நாள் இருந்தால் கணவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பின்னால் உட்காருங்கள். இருவரும் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன், இன்று ராத்திரி மகளைத் தூங்க வைக்கும்போது கேளுங்கள். ஹாலில் யார் பக்கத்தில் உட்காருகிறாள், மெழுகுவர்த்தியை யார் ஏற்றுகிறார்கள், கண்ணை மூடும்போது என்ன நினைக்கிறாள் என்று கேளுங்கள். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். அவள் சொன்னதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா