ஒரே சப்ளையரை நம்பி இருக்கலாமா?

கேள்வி: ஒரே சப்ளையர்கிட்ட மொத்தமா வாங்குனா ரேட் நல்லா படியுதே சார், அப்புறம் எதுக்கு ரெண்டாவது ஆளு, கூடுதல் ஸ்டாக்குன்னு காசை முடக்கணும்?

பதில்: ரேட் படியும், யாரு இல்லைன்னா! ஆனா 2000 மார்ச்ல அமெரிக்காவுல, அல்புகெர்க்கில இருந்த பிலிப்ஸ் சிப் ஃபேக்டரியில மின்னல் அடிச்சு தீப்பிடிச்சுது, சீக்கிரமே அணைச்சுட்டாங்க, ஆனா தூசியே இருக்கக்கூடாத ரூம்ல புகையும் தண்ணியும் பூந்து உற்பத்தி வாரக்கணக்குல படுத்துருச்சு. செல்போன் கம்பெனிங்களான நோக்கியா, எரிக்சன் ரெண்டு பேருமே அங்கதான் சிப் வாங்கிட்டிருந்தாங்க. நோக்கியா உடனே உஷாராகி பிலிப்ஸோட மத்த ஃபேக்டரிகள்ல இடம் பிடிச்சு, சில சிப்பை வேற கம்பெனிங்ககிட்டயும் வாங்கி சமாளிச்சுட்டாங்க. எரிக்சனுக்கு வேற ஆளே இல்ல, முழிச்சதும் லேட்டு, நஷ்டம் சுமார் 40 கோடி டாலர்!

அதுக்காக அட்டைப்பெட்டிக்கெல்லாம் ரெண்டு ஆளு வேணாம், வெட்டிச்செலவு. எது வரலைன்னா உற்பத்தி லைனே நிக்குமோ அதுக்கு மட்டும் பாருங்க. 2011 ஜப்பான் பூகம்பத்துக்கு அப்புறம் டொயோட்டா இப்படித்தான், சிப்புக்கு மாசக்கணக்குல ஸ்டாக் வெச்சுக்கச் சொல்லி சப்ளையர்களுக்கு சொல்லுச்சு. ரெண்டாவது ஆளுக்கு மாசாமாசம் கொஞ்சமாவது ஆர்டர் குடுங்க, ஆபத்துக்கு மட்டும் போன் பண்ணா அவரு ஏன் சார் உங்களுக்கு முதல்ல அனுப்பப்போறாரு?