மருத்துவமனைப் பங்கு: லாபம் ஏட்டில், ரொக்கம் எங்கே?

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். ஒரு மருத்துவமனை நிறுவனத்தின் லாபம் 3 ஆண்டுகளாக ஏறுகிறது. டெலிகிராம் குழுவில் "உடனே வாங்குங்கள், இரட்டிப்பாகும்" என்கிறார்கள். பணிக்கொடையில் 4 லட்சம் போடலாமா?

பதில்: முதலில் அந்தக் குழுவை விட்டு வெளியே வாருங்கள், ஐயா. லாபத்துக்கு உத்தரவாதம் தர, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி யாரையும் அனுமதிப்பதில்லை. செபி பதிவு எண் காட்டினாலும் நம்பாதீர்கள். அடுத்தவர் எண்ணைப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். உங்களை வாங்கச் சொல்பவர், முன்பே வாங்கி வைத்ததை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பவராக இருக்கலாம்.

இனி லாபம். நோயாளி வீடு திரும்பியதும் பில் தொகை வருமானமாக ஏறிவிடும். காப்பீட்டு நிறுவனங்களும் அரசுத் திட்டங்களும் பணம் தர மாதக்கணக்காகும், வெட்டிக்கொண்டும் தருவார்கள். ஆண்டறிக்கையில் கேஷ் ஃப்ளோ (ரொக்க வரவு செலவு) பக்கத்தைத் திறந்து, 3 ஆண்டு லாபத்தையும் தொழிலில் வந்த ரொக்கத்தையும் தனித்தனியே கூட்டுங்கள். கட்டடமும் கருவிகளும் தேய்வதற்காக லாபத்தில் கழிக்கும் தேய்மானச் செலவு மருத்துவமனைக்கு அதிகம், அது கையிலிருந்து போகும் ரொக்கமல்ல என்பதால் ரொக்கம் லாபத்தைத் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் ஒதுங்கிவிடுங்கள். இந்தப் பக்கத்தை 6 மாதத்துக்கு ஒருமுறை தந்தால் போதுமாம்! லாபத்தை மட்டும் காலாண்டுதோறும் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். சிறு முதலீட்டாளர் இருட்டில் தடவ வேண்டும் என்று ஏன் விதி வைத்தார்களோ, எனக்குப் பொறுக்கவில்லை.

ஒன்றுக்கு மட்டும் பயப்படாதீர்கள். புது மருத்துவமனை கட்டினால் கடன் கூடும், திறந்ததும் லாபம் இறங்கும். கட்டும்வரை வட்டி கட்டடச் செலவோடு சேர்ந்திருக்கும். திறந்த பிறகு வட்டியும் தேய்மானமும் லாபத்தைத் தின்னும். டாக்டர், நர்ஸ் சம்பளம் முதல் மாதமே முழுசாகப் போகும், படுக்கைகள் நிரம்பவோ ஆண்டுகள் ஆகும். ஆகவே பழைய கிளைகளின் கணக்கைத் தனியே பாருங்கள். அங்கே படுக்கைகள் முன்போலவே நிரம்பினால், லாபம் இறங்கியது நோயல்ல. பழைய கிளையே காலியாகிறது என்றால் அது வேறு கதை.

அடுத்து, நிறுவனர்கள் தங்கள் பங்குகளைக் கடனுக்கு அடகு வைத்திருக்கிறார்களா என்று பங்குச் சந்தை இணையதளத்தில் பாருங்கள். ஃபோர்டிஸ் மருத்துவமனை நிறுவனத்தில் அடகுப் பங்குகள் கடன் தந்தவர்களிடம் கைமாறி, நிறுவனர்களிடம் பெயருக்குத்தான் மிஞ்சியது. நிறுவனத்தின் பணம் 403 கோடி ரூபாய் திசைதிருப்பப்பட்டதாகச் சொல்லி, அதை வட்டியுடன் மீட்கும்படி 2018 அக்டோபரில் செபி உத்தரவிட்டது. நோயாளிகள் வந்துகொண்டிருந்த நிறுவனம்தான் அது.

இவ்வளவும் சரியாக இருந்தால் 40 ஆயிரத்துக்கு வாங்குங்கள். மீதியை அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள்.