கம்பிச் சுருக்கில் சிறுத்தை, கண்ணாடியில் குருவி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தேயிலை மலையை ஒட்டிய காட்டோரத்தில் சிறுத்தை ஒன்று கம்பிச் சுருக்கில் மாட்டிக்கொண்டது. கம்பியை வெட்டிவிடப் போனவர்களை, அதிகாரிகள் வரட்டும் என்று கணக்கப்பிள்ளை தடுத்துவிட்டார். அது துடிக்கும்போது காத்திருப்பது நியாயமா?
– வாசகர், பொகவந்தலாவை

பதில்: கணக்கப்பிள்ளை செய்ததுதான் சரி. கம்பி அறுந்ததும் சிறுத்தை பக்கத்தில் நிற்பவர் மேல் பாயலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது இன்னொன்று. இடுப்பிலோ காலிலோ சுருக்கு இறுகியிருக்கும்போது அதற்கு அப்பால் இரத்தம் ஓடாது. தசை சிதையத் தொடங்கும். திடீரென்று கம்பியைத் தளர்த்தினால் சிதைந்த தசையின் கழிவுகள் ஒரேயடியாக இரத்தத்தில் கலந்து இருதயத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கும். எழுந்து ஓடிவிட்டதே என்று நாம் கைதட்டிய சிறுத்தை காட்டுக்குள் செத்துக் கிடக்கும். மிருக வைத்தியர் இருந்தால் சேலைன் ஏற்றலாம், சில நாள் வைத்துக் கவனிக்கலாம். அப்படியும் எல்லாம் பிழைப்பதில்லை: 2020 மே மாதம் நல்லதண்ணி லக்ஷபான தோட்டத்தில் கழுத்தில் சுருக்கு இறுகிய கருஞ்சிறுத்தை உயிரோடு மீட்கப்பட்டு, சிகிச்சைக்காக உடவளவைக்குக் கொண்டுபோன பிறகு சில நாட்களில் இறந்தது.

செய்ய வேண்டியது: உடனே வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், தோட்டத்தின் பெயர், மலை நம்பர், வாகனம் எதுவரை வரும், சுருக்கு உடம்பில் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லுங்கள். பிறகு சிறுத்தையின் கண்ணில் படாத தூரத்துக்குக் கூட்டத்தை நகர்த்துங்கள். வீடியோ எடுப்பவர்களை முதலில் அனுப்புங்கள்! மிரண்ட விலங்குக்கு மயக்க ஊசி சரியாக வேலை செய்யாது. மருந்தைக் கூட்டினால் மூச்சு அடங்கும் ஆபத்து. நாய்களைக் கட்டிவையுங்கள். கல்லெறிவதும் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம்.

சுருக்கு வைத்தவர் குறிவைத்தது பன்றியையோ கேளையாட்டையோதான். ஆனால் சிறுத்தையும் அதே ஒற்றையடிப் பாதையில்தான் நடக்கிறது. கொழுந்தெடுக்கப் போகும்போது வேலி இடைவெளிகளையும் காட்டோரத்துத் தேயிலைச் செடிகளின் அடியையும் பாருங்கள். வெறும் சுருக்கு கிடந்தால் படம் எடுத்துத் தகவல் சொல்லுங்கள். கண்ணியை மட்டும் அவிழ்த்துப் போட்டால் நாளைக்கே திரும்பக் கட்டுவார்கள். கம்பியை முழுதாக அகற்ற வேண்டும்.

கேள்வி: ஐப்பசி பிறந்தால் ஆறுமணிக்குருவி எங்கள் பாடசாலை யன்னலில் மோதி விழுகிறது. பிள்ளைகள் வாயில் தண்ணீர் விடுகிறார்கள். சரியா?
– ஆசிரியை, நானுஓயா

பதில்: விடவே கூடாது. பறவையின் மூச்சுக்குழல் வாய் நாக்கின் பின்பக்கத்தில் திறந்திருக்கிறது. மயக்கத்தில் ஊற்றும் தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போகும். சப்பாத்துப் பெட்டியில் மூச்சுத் துளை போட்டு, அடியில் பழைய துணி விரித்து, பறவையை வைத்து மூடுங்கள். நானுஓயாக் குளிருக்குச் சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு கூடினால் அது மறுபக்கம் நகர இடம் வேண்டும். ஒன்றிரண்டு மணி நேரம் திறந்து பார்க்காதீர்கள் (பிள்ளைகளிடம் இதுதான் கஷ்டம்). உள்ளே சலசலப்புக் கேட்டால் புதரோரம் கொண்டுபோய்த் திறந்துவிடுங்கள், மேலே தூக்கி எறியாதீர்கள். பொழுது சாய்ந்துவிட்டால் விடியும்வரை பெட்டியிலேயே இருக்கட்டும். ஒரு சிறகு மட்டும் தொங்கினால், அல்லது பூனை வாய் வைத்திருந்தால், காயம் தெரியாவிட்டாலும் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் போக வேண்டும். பூனை எச்சிலின் கிருமி சீக்கிரம் கொன்றுவிடும்.

மோதாமல் தடுக்க உள்ளே திரை போட்டுப் பயனில்லை, கண்ணாடியில் வெளியே தெரிவது மரமும் வானமும்தான். வெளிப்பக்கம் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாக வெள்ளைப் பொட்டுகள் வையுங்கள்.

கேள்வி: மரம் வெட்டியபோது மலை அணில் குஞ்சு விழுந்தது. பசும்பால் கொடுக்கலாமா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: வேண்டாம், வயிற்றோட்டம் வரும். முதலில் சூடு, உடம்பு குளிர்ந்த குஞ்சுக்கு எதுவும் செரிக்காது. சூடேறியதும் கூடையில் வைத்துப் பக்கத்து மரக்கிளையில் கட்டுங்கள். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் பேச்சு. பகலில் ஆள் நடமாட்டம் இல்லாவிட்டால் தூக்கிப் போக வரும். மாலைவரை வராவிட்டால் 1992. வளர்க்க எண்ண வேண்டாம், சட்டம் இடம் தராது. கடித்துவிட்டால் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.