புள்ளியும் கோடும் சோறு போடுமா?

வணக்கம் ஐயா. பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள் ராத்திரி பதினொரு மணி வரை லேப்டாப்பில் புள்ளிகளையும் கோடுகளையும் இழுத்துக்கொண்டிருக்கிறாள், இது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடும். ஆனால் படம் வரையத் தெரிந்தால் மட்டும் போதாது.

ஆளோ, வங்கிக் கணக்கோ, நிறுவனமோ, எதுவானாலும் ஒரு புள்ளி. இரண்டுக்கும் தொடர்பு இருந்தால் ஒரு கோடு. அவ்வளவுதான் நெட்வொர்க் கிராஃப். 2016-இல் வெளியான பனாமா ஆவணங்கள் நினைவிருக்கும்; வெளிநாடுகளில் ரகசிய நிறுவனங்கள் அமைத்துக் கொடுத்த ஒரு பனாமா சட்ட நிறுவனத்திலிருந்து கசிந்தவை. மொத்தம் 1 கோடியே 15 லட்சம் ஆவணங்கள். அவற்றை ஆராய்ந்த பத்திரிகையாளர் குழு அவற்றிலிருந்த நிறுவனங்கள், பங்குதாரர்கள், முகவரிகளை நியோ4ஜே என்ற கிராஃப் தரவுத்தளத்தில் (புள்ளியும் கோடுமாகவே தகவலைச் சேமிக்கும் மென்பொருள்) ஏற்றி, ஒரு பெயரைத் தொட்டால் அதோடு ஒட்டியவை விரியும்படி செய்தது. கோடிங் தெரியாத நிருபர்களும் அதில் தேடினார்கள்.

என்னிடம் வரும் பிள்ளைகள் பலர் அழகான படம் காட்டுவார்கள். "இதில் என்ன தெரியுது?" என்று கேட்டால் பதில் வராது. அதனால் மகளுக்கு ஒரு பயிற்சி கொடுங்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ஃபேஸ்புக் நட்புத் தரவில் 4,039 புள்ளிகள், 88,234 கோடுகள் இருக்கின்றன. ஜெஃபி என்ற இலவச மென்பொருளில் திறந்தால் முதலில் ஒன்றும் புரியாத அடர்ந்த சிக்கல்தான். அதிலுள்ள ஃபோர்ஸ்அட்லஸ்2 என்ற, புள்ளிகளை இடம் பிரித்து அடுக்கும் முறையை ஓடவிட்டால் புள்ளிகள் ஒன்றையொன்று தள்ளும், கோடுகள் ரப்பர் போல இழுக்கும். கொஞ்ச நேரத்தில் கொத்துக் கொத்தாகப் பிரியும். "பத்து பேருடைய நண்பர் வட்டங்களை ஒன்றாகச் சேர்த்த தரவு இது, பெரிய கொத்துகள் பெரும்பாலும் அதனால்தான் வருகின்றன" என்று அவளே கண்டுபிடித்துச் சொன்னால், நம்பி விடுங்கள்.

அப்புறம், ஜெஃபி ஏறக்குறைய ஒரு லட்சம் புள்ளிகள் வரைதான் தாங்கும். வங்கித் தரவு அதைவிடப் பல மடங்கு பெரியது. அதில் மோசடியைத் தேடும்போது முழுவதையும் வரையாமல், ஒரே போன் நம்பரைப் பகிரும் கணக்குகளை மட்டும் பிரித்தெடுத்துப் பார்க்கத் தெரிய வேண்டும். அதற்குத் தரவுத்தளத்தில் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல், நிரல் மொழியான பைத்தான், பைத்தானில் நெட்வொர்க்குகளை அலசும் நெட்வொர்க்எக்ஸ் மூன்றும் வேண்டும். வீட்டிலிருந்தே செலவில்லாமல் படிக்கலாம். இதற்காகக் கடன் வாங்கி எந்தச் சான்றிதழ் வகுப்பிலும் சேர்க்காதீர்கள்.

நெட்வொர்க் கிராஃப் என்ற பெயரிலேயே வேலை தேடினால் அதிகம் கிடைக்காது. மோசடி தடுப்பு, தரவுப் பகுப்பாய்வு என்று தேடச் சொல்லுங்கள். உயிரியலில் ஆர்வம் இருந்தால் புரதத் தொடர்புகளைப் பார்க்கும் சைட்டோஸ்கேப் என்ற மென்பொருளையும் இந்த விடுமுறையில் திறந்து பார்க்கட்டும்.